சென்னையில் நல்ல நேந்திரம் சிப்ஸ் தேடினோம்



அண்மையில் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். புறப்பட்ட அவசரத்தில் சிப்ஸ் பொட்டலத்தை ஊரிலேயே மறந்துவிட்டோம். பேரப்பிள்ளைகளின் முகம் வாடியது. "அதற்கென்ன மாமா, இங்கே தெருவுக்குத் தெரு நாகர்கோவில் சிப்ஸ் கடை இருக்கிறதே" என்றார் மருமகன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

தி.நகர், மயிலாப்பூர், புரசைவாக்கம் என்று மூன்று நாள் அலைந்து, ஏழு கடைகளில் வாங்கிப் பார்த்தோம். பலகையில் எல்லாம் நம் ஊர்ப் பெயர்தான். இரண்டு கடைகளில் காயே நேந்திரம் அல்ல, மொந்தன். நான்கு கடைகளில் நேந்திரம்தான்; ஆனால் பொரித்தது பாமாயிலில். ஏழாவது கடையில்தான், படியேறும் முன்பே தேங்காய் எண்ணெய் மணம் வந்தது. விலை மற்ற கடைகளைவிட அதிகம். கூட்டமும் அங்கேதான் அதிகம்.

நல்ல சரக்கு எது என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். காய் நன்கு முற்றியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. பழுத்தால் மாவு சர்க்கரையாக மாறுவதால் சீக்கிரம் கருகும், மொறுமொறுப்பும் நிற்காது. காயைச் சீவிக் காய்ந்த எண்ணெயில் விழச்செய்து, உப்பும் மஞ்சளும் கரைத்த நீரைத் தெளிப்பார்கள். சலசலப்பு அடங்கினால் ஈரம் வற்றிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே அரித்தெடுத்தால் எடை நிற்கும், சரக்கு நிற்காது. தேங்காய் எண்ணெய் காற்றுப்பட்டு எளிதில் காறாது. ஆனால் ஈரம் தங்கினால் சோப்பு வாடை அடிக்கும். அதனால்தான் பொட்டலத்தின் ஒட்டு சரியாக இருக்க வேண்டும் என்கிறோம்.

சென்னைக் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியது நினைவிருக்கும். அப்போது கோட்டாற்றில் நமது கடையிலேயே பாமாயில் சரக்கை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் பழைய விலைக்கே விற்றோம். நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இது நம்ம ஊரு உப்பேரி இல்லியே" என்று மெதுவாகச் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. அதன்பின் கடைக்கும் வரவில்லை.

பாமாயிலில் பொரிப்பது குற்றமல்ல; அதை மறைப்பதே குற்றம். பொட்டலத்தில் எந்த எண்ணெய் என்று பெயர் குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் 2018 ஜூலை 1 முதல் வரம்பு உண்டு. அதில் உருவாகும் கெடுபொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

ஆகவே கொள்முதலின்போது எண்ணெயின் பெயர், பொரித்த தேதி இரண்டையும் கேளுங்கள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். இரண்டு தரமும் வைப்பதானால் தனித்தனி டின்னில், தனித்தனி விலை எழுதி வையுங்கள். பதினைந்து நாளில் விற்றுத் தீரும் அளவுக்கே வாங்குங்கள். ஓணத்துக்கு முன் காய் விலை ஏறும்போது, விலையை ஏற்றுங்கள், தரத்தை இறக்காதீர்கள்.

2023இல் நம் மாவட்டத்து மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. அந்தப் பெயரை வெளியூர்ப் பலகைகள் கெடுப்பதற்கு முன், நமது கல்லாவில் அது கெடாமல் பார்த்துக்கொள்வோம்.