பிரசவ உதவித்தொகையும் நமது கடன் நோட்டும்



கூலி நாளில் வியாபாரம், அறுவடை முடிந்தால் வியாபாரம், மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளினால் வியாபாரம் என்று கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இப்போது மளிகைக் கல்லாவுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி, அரசாங்கக் கஜானாவிலிருந்து பெண்களின் வங்கிக் கணக்கு வழியாக வருகிறது. அது யாருக்கு, எதற்காக, எப்போது வருகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் நமக்கும் நட்டம். வாடிக்கையாளருக்கு அதைவிடப் பெரிய நட்டம்.

இரண்டு வகைப் பணம்

முதலாவது, மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று நமது காஞ்சிபுரத்தில்தான் இத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இது குடும்பச் செலவுக்கான பணம். அரிசி, எண்ணெய், பள்ளிக்கூடச் செலவு, பழைய பாக்கி என எதற்கும் போகலாம்.

இரண்டாவது, கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. இதன் கணக்கே வேறு. ஒரு தாயும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சாப்பிடுவதற்காக மட்டும் கொடுக்கப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

எப்படி வளர்ந்தது?

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, மருத்துவம் படித்து, 1927இல் சென்னைச் சட்ட மேலவைக்குள் நுழைந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவரும் அவரே. அவர் பெயரில் 1980களின் இறுதியில் சில நூறு ரூபாயுடன் தொடங்கிய இந்த உதவி 2006இல் 6,000 ரூபாயானது, 2011இல் 12,000, 2018இல் 18,000. மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டமும் இதனுடன் இணைக்கப்பட்டது.

வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் உள்ளவர்களுக்காகவே இது ஏற்பட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துப் பெண்களுக்குச் சட்டப்படி சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. 2017இல் அது 26 வாரமாக உயர்த்தப்பட்டது. நாற்று நடும் பெண்ணுக்கும், தறி வீட்டுப் பெண்ணுக்கும், நமது சிறு கடைகளில் பருப்புப் புடைக்கும் பெண்ணுக்கும் அப்படி எந்த விடுப்பும் இல்லை.

இதெல்லாம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என அனைவருக்கும் ஏற்பாடு செய்ததை அது சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டிலேயே பொதுச் சொத்திலிருந்து உடல்நலத்துக்குப் படியளந்த ஊர்ப்பக்கம் இது.

எவ்வளவு, எப்போது?

18,000 ரூபாயில் 14,000 ரொக்கம். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் முதலியவை அதில் இருக்கும். ரொக்கம் முன்பு ஐந்து தவணையாக வந்தது, பின்னர் மூன்றாக்கப்பட்டது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000.

முதல் தவணையை நமது வழக்கப்படி பிரித்துப் பார்ப்போம். நான்கு மாதம் முடிந்த பின் பிரசவத்துக்குச் சுமார் 150 நாள். 6,000 ரூபாயை 150ஆல் வகுத்தால் நாளுக்கு 40 ரூபாய். ஒரு முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான். அதில் 3,000 ரூபாயைப் பழைய பாக்கிக்கு வரவு வைத்துக்கொண்டால் நாளுக்கு மிஞ்சுவது 20 ரூபாய். முதலில் நிற்பது பாலாகவோ முட்டையாகவோதான் இருக்கும். நமது நோட்டில் ஒரு வரி அடிபடும்போது அந்த வீட்டில் ஐந்து மாதத்துச் சத்துணவு அடிபடுகிறது.

கேட்காமல் விட முடியுமா?

“கடன் கொடுத்தது நாம், பணம் வந்தபோது கேட்காமல் வேறு எப்போது கேட்பது?” என்று சில்லறைக் கடைக்காரர்கள் சொல்வது நியாயமே. பாக்கியைத் தள்ளச் சொல்லவில்லை. காலத்தை மாற்றிக் கேளுங்கள் என்கிறோம். கூலி வரும் நாளில் வாரம் 50, 100 என்று கழியுங்கள். பிரசவப் பணத்தை மட்டும் புதுச் சரக்குக்கு ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள். பாசிப்பயறு, கடலை, வெல்லம், கேழ்வரகு, முட்டை ஆகியவற்றில் விற்பனை கூடினால் அந்த லாபமும் நமக்குத்தானே!

இதில் மண்டிக்காரர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. சனிக்கிழமை வசூல் என்று நாம் கடைக்காரரை நெருக்கினால், அவர் வெள்ளிக்கிழமையே அந்தத் தாயை நெருக்குவார். ஒரு வாரம் தவணை கொடுப்பதால் மண்டி கவிழ்ந்துவிடாது.

கடையில் சொல்ல வேண்டியவை

நமது கடைக்கு வராத குடும்பம் ஊரில் இல்லை. ஆகவே நாம் சொன்னால் செய்தி சேரும்.

1. கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். அப்போது கிடைக்கும் ஆர்.சி.எச். எண் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படும்.

2. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு உதவி உண்டு. பரிசோதனைகளைத் தவறவிடாமல் அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. வங்கிக் கணக்கு அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருந்து, ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ் புத்தகத்தில் வேறு பெயர் என்றிருந்தால் பணம் நின்றுவிடும். முன்கூட்டியே திருத்தச் சொல்லுங்கள்.

4. தவணை தாமதமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். “உனக்குப் பணம் வராது” என்று நாமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

5. பாஸ் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, ரேஷன் கார்டு ஆகியவற்றைக் கடனுக்கு ஈடாக எவரும் வாங்கி வைக்கக் கூடாது. வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

அந்தக் குழந்தை நல்ல எடையோடு பிறந்தால் மருத்துவச் செலவு குறையும். தாய் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவாள். அந்த வீட்டின் பற்று வரவும் ஒழுங்காக நடக்கும். தர்மத்துக்காகச் செய்தாலும் சரி, வியாபாரத்துக்காகச் செய்தாலும் சரி, கணக்கு ஒன்றாகவே முடிகிறது. நமது சங்கத்துக் கடைகள் ஒவ்வொன்றும் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.