‘இந்தப் போருக்கு வரமாட்டேன்’ என்ற அதிகாரி

2006 ஜூன் 22. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் லூயிஸ் இராணுவ முகாமிலிருந்து ஒரு படைப்பிரிவு ஈராக்கிற்குப் புறப்பட்டது. அதனுடன் போக வேண்டிய இளம் அதிகாரி ஒருவர் போக மறுத்துவிட்டார். அவர் தப்பி ஓடவில்லை. பக்கத்து நாடான கனடாவில் போய் ஒளிந்துகொள்ளவும் இல்லை. என்ன தண்டனை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று முகாமிலேயே இருந்தார். அவர் பெயர் எரென் வடாடா. பதவி லெஃப்டினென்ட். அப்போது அவருக்கு வயது 28.

உயிருக்குப் பயந்தவர் என்று சிலர் ஏசினார்கள். மனசாட்சியின் குரல் என்று சிலர் போற்றினார்கள். இந்த இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், அவர் எழுப்பிய கேள்வி ஒன்றுதான். இராணுவத்தில் சேர்ந்த ஒருவர், எல்லாப் போரையும் அல்ல, ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் தவறு என்று சொல்லி மறுக்க முடியுமா?

யார் இந்த வடாடா?

ஹவாயில் பிறந்தவர். தந்தை ஜப்பானிய வம்சாவளி, தாய் சீன வம்சாவளி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் 2003இல் தாமாகவே இராணுவத்தில் சேர்ந்தார். கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்டவர் அல்லர். தென் கொரியாவில் பணியாற்றிவிட்டு ஃபோர்ட் லூயிஸ் முகாமுக்கு வந்தார்.

ஈராக்கிற்குப் போகும் நாள் நெருங்கியது. தமக்குக் கீழே உள்ள வீரர்களை வழிநடத்தப் போகிறவர், அந்தப் போரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா? படிக்கத் தொடங்கினார். 2003 மார்ச்சில் படையெடுப்புக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பது. அப்படிப்பட்ட ஆயுதக் கிடங்கு எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கை தந்தது. ஐ.நா. சாசனத்தின்படி இந்தப் போர் சட்டவிரோதமானது என்று அப்போதைய ஐ.நா. தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் அதே ஆண்டு கூறினார்.

2006 ஜனவரியில் வடாடா பதவி விலகல் கடிதம் கொடுத்தார். இராணுவம் ஏற்கவில்லை. ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புங்கள், போகிறேன் என்றார். அதுவும் மறுக்கப்பட்டது. ஈராக்கில் சண்டையில் ஈடுபடாத வேலை தருகிறோம் என்று இராணுவம் சொன்னது. வேலை எதுவானாலும் அதே போருக்குத்தானே துணை போகிறது என்று அவர் மறுத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனசாட்சியின் பேரில் போரை மறுப்பவர்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. போர் என்பதையே, எந்த வடிவிலும் எதிர்ப்பவராக இருக்க வேண்டும். இந்தப் போர் கூடும், அந்தப் போர் கூடாது என்று பிரித்துப் பார்ப்பவருக்கு விலக்கு இல்லை. வியட்நாம் போர்க் காலத்தில், 1971இல், அமெரிக்க உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆப்கானிஸ்தானுக்குப் போகத் தயார் என்று சொன்ன வடாடாவுக்கு இந்த வழி திறக்கவே இல்லை.

அதனால் அவர் வேறு வழியைப் பிடித்தார். சட்டவிரோதமான ஆணைக்குக் கீழ்ப்படியக் கூடாது என்பது பல இராணுவங்கள் இன்று ஏற்றுக்கொள்ளும் விதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த நியூரெம்பர்க் விசாரணையில், ‘மேலிடத்து ஆணை, செய்தேன்’ என்ற சாக்கு ஏற்கப்படவில்லை. மேலும், அமெரிக்காவில் சாதாரண சிப்பாய் எடுக்கும் உறுதிமொழியில் அதிபரின் ஆணைக்கும் மேலதிகாரிகளின் ஆணைக்கும் கீழ்ப்படிவேன் என்ற வாசகம் இருக்கிறது. அதிகாரிகளின் உறுதிமொழியில் அது இல்லை. அவர்கள் அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்றுதான் உறுதி எடுக்கிறார்கள். போரே சட்டவிரோதம் என்றால், அதற்குப் போகச் சொல்லும் ஆணையும் சட்டவிரோதம்தானே என்பது வடாடாவின் வாதம்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கைதியைச் சுடு என்று சொல்வது ஓர் ஆணை. படையோடு புறப்படு என்று சொல்வது வேறோர் ஆணை. முதலாவதை வீரர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆனால் போரைத் தொடங்கிய குற்றத்துக்குக் கொள்கை வகுத்த தலைவர்களே பொறுப்பு, களத்தில் நின்றவர்கள் அல்லர் என்று நியூரெம்பர்க்கிலேயே பின்னர் நடந்த விசாரணைகளில் தீர்ப்பாயிற்று. வடாடாவை எதிர்த்தவர்களுக்கு இது வலுவான ஆதாரம்.

அவர்களிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. எந்தப் போருக்குப் போவது என்று துப்பாக்கி ஏந்தியவர்களே முடிவு செய்தால், மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு என்ன மதிப்பு? இன்று போரை மறுக்கும் அதிகாரி, நாளை அரசையே மறுக்கமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

நீதிமன்றத்தில் நடந்தது

2006 ஆகஸ்டில் நடந்த முதற்கட்ட விசாரணையில் முன்னாள் ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே, ஓய்வு பெற்ற கர்னல் ஆன் ரைட் போன்றோர் வடாடாவுக்காகச் சாட்சி சொன்னார்கள். ஆனால் 2007 பிப்ரவரியில் இராணுவ நீதிமன்றம் கூடியபோது, போர் சட்டப்படியானதா என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நீதிபதி தீர்மானித்திருந்தார். அது அரசியல் கேள்வி, இந்த நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பது அவர் நிலை.

மூன்றாம் நாள் வழக்கு எதிர்பாராத விதமாக முறிந்தது. படையோடு போகவில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டு வடாடா ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தார். அது குற்றத்தையே ஒப்புக்கொண்டதாகும் என்று நீதிபதி கருதினார். போகவில்லை என்பது உண்மை, ஆனால் போகும் கடமை எனக்கு இல்லை என்றார் வடாடா. இருவரும் அந்தப் பத்திரத்தை ஒரே பொருளில் படிக்கவில்லை என்று தெரிந்ததும், விசாரணை செல்லாது என நீதிபதி அறிவித்தார்.

இராணுவம் மறுபடி விசாரிக்க முனைந்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை விசாரணைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். அதைக் காட்டி 2007 நவம்பரில் சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. அரசு 2009 மே மாதம் மேல்முறையீட்டைக் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், கௌரவமான விடுவிப்பு என்ற தகுதி இல்லாமல், வடாடா இராணுவத்தை விட்டு வெளியேறினார். சிறைக்குப் போகவில்லை.

மற்ற இரண்டு நாடுகள்

இதே ஈராக் போர் தொடர்பாக வேறு இரு அதிகாரிகளும் ஆணையை மறுத்தார்கள். பிரிட்டிஷ் விமானப் படையின் மருத்துவர் மால்கம் கெண்டல்-ஸ்மித் பாஸ்ராவுக்குப் போக மறுத்தார். 2006 ஏப்ரலில் அவருக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது, பதவியும் பறிபோனது.

ஜெர்மானிய மேஜர் ஃப்ளோரியன் பாஃப், தாம் செய்யும் கணினி மென்பொருள் வேலை ஈராக் போருக்கு உதவக்கூடும் என்று 2003இல் மறுத்தார். முதலில் அவர் பதவி குறைக்கப்பட்டது. ஆனால் 2005இல் லைப்சிக் நகரில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றம் அவரை விடுவித்தது. மனசாட்சிச் சுதந்திரம் சீருடை அணிந்தவருக்கும் உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. ஆணை என்ற பெயரில் நடந்த கொடுமைகளைத் தன் வரலாற்றிலேயே கண்ட நாடு அல்லவா!

வடாடா வென்றார் என்று பலர் சொல்வதுண்டு. தண்டனையிலிருந்து தப்பினார் என்பது உண்மை. ஆனால் அவரைக் காப்பாற்றியது விசாரணை முறையில் ஏற்பட்ட ஒரு சிக்கல். அவரது வழக்கில், போர் சட்டப்படியானதா என்ற கேள்விக்கு எந்த நீதிபதியும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 2011 டிசம்பரில் அமெரிக்கப் படைகள் ஈராக்கை விட்டு வெளியேறின. அடுத்த முறை ஓர் இளம் அதிகாரி அதே கேள்வியோடு நின்றால், வடாடாவின் வழக்கில் அவருக்குக் கைகொடுக்கும் தீர்ப்பு எதுவும் இல்லை. அப்படி ஒருவர் கேட்கும்போது, அதைக் காது கொடுத்துக் கேட்கவாவது ஒரு நீதிமன்றம் வேண்டாமா?