வண்ண மீன் தொட்டிக்குச் சுத்திகரித்த ஜலத்தைப் பக்குவப்படுத்தும் முறை

பயிர்த்தொழிலோடு வண்ண மீன் வளர்ப்பையும் உபதொழிலாக மேற்கொள்ளும் குடியானவர்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த கொளத்தூர் இவ்வர்த்தகத்துக்குப் பேர்போன இடமாகும். கிணற்று ஜலம் உப்புக் கரிக்கும் ஊர்களில், ஆர்.ஓ. யந்திரத்தால் ஜலத்தைச் சுத்திகரித்துத் தொட்டிக்கு உபயோகிப்பது வழக்கமாகி வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்த ஜலத்தை அப்படியே நிரப்பி, சில நாட்களில் மீன்களைப் பறிகொடுப்பவரும் உளர். மனிதர் பருகும் சுத்த ஜலம் மீனுக்கு எவ்வாறு தீங்காகும் என்று அவர்கள் திகைப்பர். காரணம் விளங்கினால் பரிகாரம் எளிது.

ஆர்.ஓ. யந்திரத்தின் சவ்வு, ஜலத்தில் கரைந்துள்ள உப்புக்களில் பெரும்பாலும் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீக்கிவிடுகிறது. வேண்டாத உப்போடு, மீனுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் மக்னீஷியமும் பைகார்பொனேட்டும் போய்விடுகின்றன. நன்னீர் மீனின் இரத்தம், அதனைச் சூழ்ந்த ஜலத்தைவிட உப்பு மிகுந்தது. ஆகையால் ஜலம் செவுள் வழியே உடலுக்குள் ஊறிக்கொண்டும், உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டும் இருக்கும். ஜலத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து இக்கசிவைக் குறைக்கிறது. அது இல்லாவிடில் மீன் தன் உடலின் உப்பைக் காப்பதற்கே ஓயாது உழைத்துச் சோர்ந்துவிடும்.

இரண்டாவது கேடு கண்ணுக்குப் புலப்படாதது. மீனின் கழிவாகிய அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் இவ்வாறு மாறுவதற்கு, சுண்ணாம்புக் கார்பொனேட்டுக் கணக்கில் ஏறக்குறைய 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. கையிருப்பில்லாத குடும்பம் சிறு செலவுக்கும் தடுமாறுவதுபோல, பைகார்பொனேட்டு அற்ற தொட்டியின் பி.எச். விரைவில் 6-க்குக் கீழ் இறங்கிவிடக்கூடும். அப்பொழுது நுண்ணுயிர்களின் வேலை தளர்ந்து, அம்மோனியா சேரத் தொடங்கும்.

பரிகாரம் இரண்டு வகைப்படும். முதலாவது, கிணற்று ஜலத்தையே அளவாகக் கலப்பது. கிணற்று ஜலத்தின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், சுத்திகரித்த ஜலத்தில் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் 1 பங்கும் பின்னதில் 3 பங்கும் சேர்த்தால் 140 மில்லிகிராம் கிடைக்கும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஆனால் கடலுப்பு ஏறிய கிணற்றுக்கு இம்முறை ஆகாது. டி.டி.எஸ். கருவி மொத்த உப்பைக் காட்டுமேயன்றி, அது சுண்ணாம்பா சோற்றுப்பா என்று சொல்லாது. கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் தனித்தனியே பரிசோதித்தறிவது அவசியம்.

இரண்டாவது, உப்புக்களை நிறுத்துச் சேர்ப்பது. 100 லிட்டர் சுத்திகரித்த ஜலத்துக்கு ஆப்பசோடா 10 கிராம், படிக கால்சியம் குளோரைடு 10 கிராம், பேதியுப்பு 5 கிராம் போதும். இதனால் லிட்டருக்குக் காரத்தன்மை சுமார் 60 மில்லிகிராமும், கடினத்தன்மை சுமார் 90 மில்லிகிராமும் ஏறும். ஏஞ்சல், கௌராமி முதலியவற்றுக்கு இவ்வளவு தகும். கப்பி, மோலி ஆகியவை கடின ஜலத்தை விரும்புவன. அவற்றுக்கு இருமடங்கு இடலாம். அமேஸான் நதிப் பிரதேசத்தைச் சேர்ந்த டிஸ்கஸ், நியான் டெட்ரா ஆகியவற்றுக்கு மென்மையான ஜலமே உகந்தது, குறைத்தே இடவேண்டும். ஒவ்வோர் உப்பையும் வெவ்வேறு பாத்திரத்தில் கரைத்து, தனித்தனியே தொட்டி ஜலத்தில் ஊற்றுக. கெட்டியான கரைசல்களை ஒன்றாகக் கலந்தால் சுண்ணாம்பு வெண்மையாகப் படிந்து வீணாகும்.

குளத்துக்குச் சுண்ணாம்பு இட்டுப் பழகியவர்கள் அதே வழக்கத்தைத் தொட்டியில் கையாளலாகாது. காரத்தன்மை அற்ற 1,000 லிட்டர் ஜலத்தில் 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பே பி.எச்.-ஐ 9-க்கு மேல் உயர்த்திவிடக்கூடும். சலவைச் சோடாவும் அத்தகையதே. ஆப்பசோடாவோ, சற்று மிகுந்தாலும் பி.எச்.-ஐ ஏறக்குறைய 8-ஐ ஒட்டியே நிறுத்தும். யந்திரத்திலிருந்து வந்தவுடன் பி.எச். அளந்து பயனில்லை, கரைந்துள்ள கரியமில வாயு அதனைத் தாழ்த்திக் காட்டும். உப்புச் சேர்த்து, ஓர் இரவு காற்றூட்டிய பின்னரே அளக்கவேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. நெடுநாள் புளிப்பேறிய தொட்டியில் பிழையைக் கண்டவுடன் சோடாவைக் கொட்டலாகாது. புளிப்பு ஜலத்தில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த நிலையில் அடங்கியிருக்கும். பி.எச். ஒரு படி உயர, அதன் நஞ்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். திருத்த வந்த கையே மீன்களைக் கொன்றுவிடும். ஆதலால் முதலில் அம்மோனியாவைச் சோதித்து, பக்குவப்படுத்திய ஜலத்தை நாளொன்றுக்குத் தொட்டியில் பத்தில் ஒரு பங்காக மாற்றி வருக.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1 லிட்டர் சுத்த ஜலத்துக்கு 2 லிட்டர் கழிவு ஜலம் தள்ளும் யந்திரத்தில், அக்கழிவின் உப்பு கிணற்று ஜலத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அது அண்டை வயலுக்கோ ஊருணிக்கோ பாயாதபடி பார்த்துக்கொள்வது நலம்.

சுத்த ஜலம் நல்ல ஜலத்துக்கு ஆரம்பமேயன்றி முடிவன்று. நீக்கியதில் வேண்டியதை நிறுத்து, அளந்து, நிதானமாகத் திருப்பித் தருபவருக்கே இத்தொழில் பலன் தரும்.