உங்களுக்குத் தெரியுமா? விழுந்தது ரயிலிலா, பஸ்ஸிலா?

ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தவர் நஷ்டஈடு கேட்டால், ‘தப்பு யார்மேல்?’ என்ற கேள்வியே எழாது. ரயில்வே சட்டத்தில் 1994-ல் சேர்த்த 124ஏ பிரிவு அப்படி. தற்கொலை முயற்சி, குடிபோதை, புத்தி பேதலித்த நிலை, வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், நோய் என்று சில விலக்குகள் உண்டு. வெறும் அஜாக்கிரதை அந்தப் பட்டியலில் இல்லை. ஏறும்போது விழுந்தாலும் இறங்கும்போது விழுந்தாலும் சரிதான். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவருக்கு மட்டும் இந்தப் பிரிவு கைகொடுக்காது.

*

அடிபட்டவரிடம் டிக்கெட் கிடைக்கவில்லையா? அதை வைத்தே மனுவைத் தள்ளிவிட முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விழுந்த வேகத்தில் அது எங்கே பறந்ததோ! முறையான பயணி என்று பிரமாணப் பத்திரம் போட்டால், இல்லையென்று காட்டும் பொறுப்பு ரயில்வேக்குப் போய்விடும்.

*

வழியனுப்ப வந்து பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் பயணிதான்.

*

ரயில் விபத்தில் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். 2017 ஜனவரி வரை 4 லட்சமாக இருந்தது. காயங்களுக்குத் தனி அட்டவணை. மனுப்போட ஓராண்டு அவகாசம். விபத்து எங்கோ வடக்கே நடந்திருந்தாலும், தமிழ்நாட்டில் வசிப்பவர் ரயில்வே தீர்ப்பாயத்தின் சென்னை அமர்விலேயே கேட்கலாம்.

*

பஸ் என்றால் கதை வேறு. முழு இழப்பீடு வேண்டுமானால் டிரைவரின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். படிக்கட்டில் தொங்கியவருக்கு, அவர் பங்குத் தவறு என்று ஒரு பகுதியைக் கழித்துவிடுவதுண்டு. அதனால் ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் பதிவு ரொம்ப முக்கியம். ‘பஸ்ஸிலிருந்து விழுந்தார்’ என்பதற்குப் பதில், வலியிலும் பதற்றத்திலும் யாரோ ‘வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லிவைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை விடவே மாட்டார். ஏ.ஆர். காப்பியை வாங்கியதும் வாசித்துப் பாருங்கள்.

*

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, மோட்டார் வாகன விபத்து மனுவுக்கு ஆறு மாதக் கெடு. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. அவற்றை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

*

டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஊன சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல. ஒரு கையை இழந்த டிரைவருக்குப் பிழைப்பே போய்விடும். அலுவலக எழுத்தர் அதே நாற்காலியில் தொடரக்கூடும். செய்யும் தொழிலைப் பார்த்துத்தான் இழப்பைக் கணக்கிட வேண்டும் என்பது 2010-ல் வந்த தீர்ப்பு.

*

பஸ் ஸ்டாண்டில் கோர்ட் அமீனா வந்து அரசு பஸ்ஸை ஜப்தி செய்தார் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, ஏன்? விபத்து நஷ்டஈட்டுக்கென நிதி வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கட்டாய இன்சூரன்ஸிலிருந்து சட்டப்படி அரசு விலக்குத் தரலாம். அப்படி விலக்குப் பெற்ற கழகம் தன் பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லையென்றால் பாதிக்கப்பட்டவர் நிறைவேற்று மனுப் போடுவார். பஸ் கோர்ட் வாசலுக்குப் போகும். ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் மூட்டைமுடிச்சோடு வேறு பஸ் தேட வேண்டியதுதான்.