அம்மாவின் புடவையை வெட்ட வேண்டாம்!

நான் புனேயில் வசிக்கும் இல்லத்தரசி. கல்யாணமான நாளிலிருந்து, இருபத்தாறு வருடங்களாக இந்த ஊர்தான். எங்கள் காலனியில் ஐந்து பேர் நெருங்கிய தோழிகள். மூன்று பேர் தமிழ், இரண்டு பேர் மராட்டி. 2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஐந்து பேரும் வெளியூர் போய் வந்தோம். கோவில் குளம் பார்க்க அல்ல, சினிமாவுக்கும் அல்ல. பழைய புடவையில் போர்வை தைக்க!

போன இடம், சதாரா மாவட்டத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள 'வாய்' என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். (ஊர்ப் பெயரே அதுதான், சிரிக்காதீர்கள்!) மராட்டித் தோழி ஒருத்தியின் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. அவளுடைய அம்மாவை நாங்கள் எல்லோரும் 'ஆஜி' என்றுதான் கூப்பிடுவோம். மராட்டியில் ஆஜி என்றால் பாட்டி. எழுபத்தெட்டு வயதிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிறார்.

இந்தப் போர்வைக்கு மகாராஷ்டிராவில் 'கோதடி' என்று பெயர். பழைய பருத்திப் புடவைகளை மடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு இணைப்பார்கள். வங்காளத்தில் 'காந்தா', வடகர்நாடகத்தில் 'கவுதி' எல்லாம் இதன் அக்கா தங்கைகள்தான். நம் வீடுகளில் பழைய புடவை தூளியாகும், குழந்தைக்கு விரிப்பாகும், கடைசியில் கரித்துணியாகும். இல்லையென்றால் பாத்திரக்காரரிடம் போய் ஒரு எவர்சில்வர் கிண்ணமாகத் திரும்பி வரும்.

எங்களில் ஒருத்திக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் அவளுடைய அம்மா காலமானார். அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. முகத்தைப் போனில்தான் பார்த்தாள். பிறகு அவள் தம்பி அம்மாவின் புடவைகள் ஏழைப் பெட்டியில் வைத்து அனுப்பினான். எல்லாம் சின்னாளபட்டிச் சுங்குடி. பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. கட்டவும் மனசில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை. வாய்க்குக் கிளம்பும்போது, "எதற்கும் இருக்கட்டும்" என்று அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் ஆஜி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். இவள் மட்டும் பெட்டியைத் திறக்காமல், "வேண்டாம்டி, அம்மா புடவையில கத்திரி வைக்க எனக்குக் கை வராது" என்றாள். நாங்கள் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆஜி கேட்டாரே ஒரு கேள்வி: "யார் உன்னை வெட்டச் சொன்னது?"

அப்போதுதான் எங்களுக்கே அந்த விஷயம் புரிந்தது. கோதடிக்குப் புடவையை வெட்ட வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆறு கஜப் புடவை பதினெட்டு அடி நீளம். மூன்றாக மடித்தால் ஆறடி. அகலம் எப்படியும் நாற்பத்தைந்து அங்குலம் இருக்கும். ஒரு ஆள் படுக்கக் கச்சிதமான அளவு. மேலே ஒரு புடவை, கீழே ஒரு புடவை. மொத்தம் ஆறு அடுக்கு. முந்தானை, கரை எதுவும் வீணாகாது.

பெட்டியைத் திறந்தாள். ஏழில் நாலு புடவையை எடுத்துக் கொடுத்தாள். "இதெல்லாம் துவைக்கவே இல்லை, அம்மா வாசனை இருக்கு" என்றாள். ஆஜி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வாசனை எப்படியும் போயிடும் குழந்தை. புடவை இருக்கும்" என்றார். மீதி மூன்றைப் பெட்டியிலேயே வைத்து மூடினாள். யாரும் வற்புறுத்தவில்லை.

நாங்கள் கொண்டு போன துணிகள் பைக்குள்ளேயே கிடந்தன. இரண்டு நாளும் ஐந்து பேரும் அவளுடைய இரண்டு போர்வைகளைத்தான் தைத்தோம். ஒன்று அவளுக்கு, ஒன்று தம்பிக்கு. விரிப்பின் நாலு பக்கமும் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தையல் போட்டோம். மதியம் ஆஜியின் மருமகள் பிட்லாவும் சுடச்சுடப் பாக்ரியும் போட்டாள். கை வேலை செய்யும்போது வாய் தானாகப் பேசும் போலிருக்கிறது. மூன்று வருடமாக அம்மாவைப் பற்றிப் பேசாதவள், எந்தப் புடவை எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தைத்தாள். அழுதாள், சிரித்தாள், ஊசியை மட்டும் கீழே வைக்கவில்லை.

இதைக் கேட்ட என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். பருத்தித் தோட்ட அடிமைகளின் வம்சத்தில் வந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். 1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தாராம். அது இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 2006-ல் அந்த ஊர்ப் போர்வைகளுக்குத் தபால்தலைகளே வெளியிட்டார்கள். எந்த ஊரானால் என்ன, பெண் மனசு ஒன்றுதான்!

நீங்களும் தைக்க நினைத்தால் சில குறிப்புகள்:

* பருத்திப் புடவை மட்டும் எடுங்கள். சிந்தடிக் வழுக்கும், அடுக்கு நிற்காது.
* கஞ்சி முழுவதும் போக அலசிக் காயவையுங்கள். கஞ்சி இருந்தால் ஊசி இறங்காது.
* அடுக்கை விரித்து, முதலில் நீள நீளமாக நூல் ஓட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றரை விரல் இடைவெளியில் தைக்கலாம்.
* கெட்டிப் பருத்தி நூல், இரட்டை இழை. சாதாரண ஊசியைவிட ஒரு சுற்றுப் பெரிய ஊசி போதும். கோணி ஊசி வேண்டாம், ஓட்டை விழும்.
* விரலுக்கு அங்குஸ்தான் அவசியம்.
* ஒன்பது கஜம் என்றால் நாலாக மடியுங்கள். ஆறே முக்கால் அடி வரும். (என் மாமியார் கேட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு இது. முதலில், "கந்தல் தைக்க இவ்வளவு தூரம் போகணுமா?" என்றவரும் அவரேதான்!)

இரண்டு நாள் நாம் இல்லாவிட்டால் வீடு கவிழ்ந்துவிடாது. ஃபிரிட்ஜில் தோசை மாவு இருந்தால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியூர்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மொட்டை மாடி, யாராவது ஒருவர் வீட்டுக் கூடம், நாலு தோழிகள் போதும். கட்டவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் ஒரு புடவை எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கும். அதை வெளியே எடுங்கள் சகோதரிகளே. கத்திரிக்கோல் தேவையில்லை.

- ஒரு வாசகி, புனே.