எந்த நாட்டு வைத்தியசாலையில் இருந்தீர்கள்?

ஐரோப்பிய வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளியை அனுமதிக்கும் வேளையில் கேட்கப்படும் கேள்வியொன்று எம்மவர் பலரைத் திகைக்க வைக்கின்றது. அண்மைக் காலத்தில் பிறநாட்டு வைத்தியசாலை எதிலாவது தங்கியிருந்தீர்களா என்பதே அது. ‘ஆம்’ என்று பதிலளித்தால் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பர். முடிவு தெரியும்வரை தனியறையில் வைப்பதும் உண்டு. தாதியர் கையுறையும் மேலங்கியும் அணிந்தே உள்ளே வருவர். இதனை அவமதிப்பாகக் கருதி மனம் நொந்துகொள்வது இயல்பே. வந்த வழி வெளிப்பட்டு அகதிக் கோரிக்கைக்கு ஊறு நேருமோ என்றஞ்சி, ‘இல்லை’ என்று சொல்லிவிடத் தோன்றுவதும் விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால் அக்கேள்வி தேடுவது ஆளையன்று. பக்ரீரியா ஒன்றினுள் மறைந்திருக்கும் பரம்பரையலகை, அதாவது ‘ஜீனை’.

சுவீடனில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் ஒருவர் புதுடில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய பின்னர், 2008ஆம் ஆண்டு ஜனவரியில் அவரது சிறுநீரில் கிளெப்சியெல்லா என்னும் பக்ரீரியா காணப்பட்டது. கார்பாபெனெம் எனப்படும் மருந்துகளுக்கும் அது மசியவில்லை. ஏனைய நுண்ணுயிர்க்கொல்லிகள் தோற்றபின் வைத்தியர் கையில் எடுக்கும் மருந்துகள் இவை. ஆராய்ந்தபோது, அதுவரை அறியப்படாத பரம்பரையலகொன்று அதற்குக் காரணமெனப் புலனாயிற்று. அந்த அலகின் கட்டளைப்படி உருவாகும் நொதியம், துத்தநாக அயன்களின் துணைகொண்டு மருந்து மூலக்கூற்றின் வளையத்தை உடைத்து அதனைச் செயலிழக்கச் செய்கின்றது. என்.டி.எம்.-1 எனப் பெயரிடப்பட்ட இதன் விபரம் 2009இல் வெளியாயிற்று.

அதே நோயாளியின் மலத்திலிருந்த ஈ.கோலை என்னும் முற்றிலும் வேறான பக்ரீரியாவிலும் இந்த அலகு இருந்தமைதான் ஆய்வாளரைக் கலங்கச் செய்தது. பரம்பரைச் சொத்துப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது என்றே நாம் பள்ளியில் படித்தோம். பக்ரீரியாக்களோ அதனை அயலவருக்கும் கைமாற்றுகின்றன. பிளாஸ்மிட் எனப்படும் சிறுவளையமொன்றில் எதிர்ப்புக்குரிய அலகுகள் பல கோக்கப்பட்டிருக்கும். இரு பக்ரீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது அவ்வளையத்தின் பிரதியொன்று மற்றதற்குச் சென்றுவிடும். வயிற்றுளைவு நோய் பரவியிருந்த யப்பானில் 1959ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மை கண்டறியப்பட்டது. அங்கு ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் ஒன்றாக வளர்த்தபோது, பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே முறையில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிற்று. உலகம் அதனைப் போதிய கவனத்தோடு நோக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்குகொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37 பக்ரீரியா மாதிரிகளில் இந்த அலகைக் கண்டது. பிரித்தானிய நோயாளர் 29 பேரில் 17 பேர் முந்திய ஓராண்டுள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ சென்று வந்தோர். அவர்களுள் 14 பேர் அங்கு வைத்தியசாலையில் தங்கியோர். மேற்படி கேள்வியின் காரணம் இத்தகைய கணக்குகளே. எஞ்சிய 12 பேரிடம் அப்பயணம் பதிவாகவில்லை என்பதையும் மறத்தலாகாது.

பெயரில் ‘புதுடில்லி’ இடம்பெற்றது இந்தியாவில் கடுஞ்சினத்தை மூட்டியது. ஆய்வை வெளியிட்ட ‘லான்செட்’ இதழ்க் குழுமத்தைச் சேர்ந்த றிச்சர்ட் ஹோர்ட்டன், அப்பெயர் சூட்டியது தவறென 2011இல் வருத்தம் தெரிவித்தார். ஊர்ப்பெயரால் சுட்டப்படும் நோவை அறிந்த எமக்கு அச்சினம் நியாயமாகவே தோன்றும். ஆயினும் பெயரைச் சாடுவதால் நீர் தூய்மையாவதில்லை. அதே 2011இல் அந்நகரில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தேங்கிய கழிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும் அந்த அலகு காணப்பட்டது. மருந்துச்சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த இந்திய அரசு 2014இல் புதிய விதிகளை நடைமுறைக்குக் கொணர்ந்தது.

இத்தகைய பக்ரீரியா குடலில் இருப்பவர் யாவரும் நோயாளர் அல்லர். பலர் எக்குறியுமின்றி நடமாடுவர். ஆபத்து, அது சத்திரசிகிச்சைக் காயத்தினுள்ளோ சிறுநீர்க் குழாய் வழியாகவோ குருதியை அடையும்போதுதான். அல்லது அயற்கட்டிலில் கிடக்கும் குறைமாதக் குழந்தையையோ புற்றுநோயாளியையோ தொற்றும்போதுதான். முன்னரே அறிந்திருப்பின் வைத்தியர் பொருத்தமான மருந்தை முதல்நாளே தொடங்கலாம். என்.டி.எம். நொதியத்தால் உடைக்கவியலாத அஸ்ட்ரியோனம் என்னும் மருந்தை அவிபாக்டாமுடன் இணைத்த கூட்டுமருந்துக்கு 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி வழங்கியது. அதனைத் தெரிந்து கொடுப்பதற்கும் கிருமி இன்னதென அறிந்திருத்தல் வேண்டும்.

கேள்வி தொற்றுத் தடுப்புக்குரியது. அகதி வழக்கை விசாரிப்பதற்குரியதன்று. நோயாளியின் இரகசியம் பேணுதல் வைத்தியரின் கடமை. மொழி இடறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சிகிச்சைக்காகச் சென்னைக்கோ கொழும்புக்கோ சென்று திரும்புவோர், அங்கு பெற்ற மருந்துகளின் பெயரும் தங்கிய நாட்களும் குறித்த வைத்தியசாலைக் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்து, கேட்கும்போது காட்டுவது நன்று.