முதுகு மெல்லிசு, மூலை தடிப்பு

மதுரை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “போன் விழுந்தாலும் உடையக் கூடாது, சட்டைப் பையை இழுக்கிற மாதிரி பேக் கவர் கனமாகவும் இருக்கக் கூடாது. கடையில் ‘மிலிட்டரி கிரேடு’ என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். நம்பலாமா?”

ஆசை நியாயமானதுதான். ஆனால் கேட்கிற இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் போன், தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறது. அந்த வேகமெல்லாம் ஒரே மில்லிமீட்டருக்குள் அடங்கினால், போன் தன் எடையைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு விசையைத் தாங்கியாக வேண்டும். கவர் நசுங்கி இரண்டு மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் அது பாதியாகக் குறையும். எங்கள் வீட்டு மாடியை இடித்துக் கட்டியபோது, மேலிருந்து போடும் செங்கல்லைக் கீழே நின்றவர் கையைத் தாழ்த்தித் தாழ்த்தித்தான் வாங்கினார். விறைப்பாக நீட்டியிருந்தால் மணிக்கட்டு போயிருக்கும்.

அதனால் கவர் வலுவாக இருப்பது வேறு, போனைக் காப்பது வேறு. ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய அராமிட் இழைக் கவர்கள் இப்போது வருகின்றன. 1965இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்த கெவ்லாரும் அராமிட்தான். அதில்தான் குண்டு துளைக்காத உடுப்பு செய்வார்கள். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலு. கீறலை அருமையாகத் தடுக்கும். ஆனால் நசுங்காது, விழுந்த அடியை உள்ளே கடத்திவிடும்.

இனி அந்த ராணுவ முத்திரை. எனக்கு இதில்தான் தீராத வேடிக்கை. அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனை முறை. அதில் வழக்கமாகக் காட்டப்படும் சோதனையில் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 தடவை போடுவார்கள்: ஆறு பக்கம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. ஒரே பொருள் 26 அடியும் வாங்க வேண்டியதில்லை. ஐந்து பொருள்கள் வரை மாற்றிக்கொள்ளலாம். விழுவது கான்கிரீட்டின் மேல் வைத்த இரண்டு அங்குல பிளைவுட்டில். நம் வீட்டு கிரானைட் தரையும் வாசற்படிக் கல்லும் அதில் இல்லை. ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதும் இல்லை. தயாரிப்பவரே சோதித்து, தானே அச்சடித்துக்கொள்கிறார். அந்த முத்திரைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

போன் பெரும்பாலும் மூலை குத்தித்தான் விழுகிறது. ஆகவே முதுகு மெல்லிசாகவும், நான்கு மூலைகள் மட்டும் தடித்து உள்ளே காற்றறை வைத்ததாகவும் உள்ள டிபியூ என்ற நெகிழ் பிளாஸ்டிக் கவரே உங்களுக்குப் பொருந்தும். கடையிலேயே நகத்தால் மூலையை அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழ வேண்டும். டெம்பர் கிளாஸை ஒட்டிய பிறகு போனை மேசையில் குப்புற வையுங்கள். கண்ணாடி மேசையைத் தொட்டால், திரையைச் சுற்றியுள்ள கவர் விளிம்பு போதாது.

வாங்கியதை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் நமக்கு வருவதில்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஏடிஎம் கார்டு, சாமி படம் எல்லாவற்றையும் முதுகில் செருகிவிட்டு, போன் சுடுகிறது என்கிறோம். நிறமில்லாத கவர் மஞ்சளானதும் தூக்கிப் போடுகிறோம். அது அழுக்கல்ல, வெயிலிலும் சூட்டிலும் அந்தப் பிளாஸ்டிக்கே நிறம் மாறுகிறது. பற்பசை போட்டுத் தேய்த்தாலும் போகாது. தூக்கிப் போட்டதை எங்கள் தெருப் பழைய சாமான்காரர்கூட எடுப்பதில்லை. மூலை விறைத்தாலோ, பிடி தளர்ந்து கவர் கழன்று வந்தாலோ மாற்றுங்கள். மஞ்சளுக்காக மாற்ற வேண்டாம்.